கெமிஸ்ட்ரி கணக்குக்கு கேசியோ எஃப்எக்ஸ்-991ஈஎக்ஸ் எப்படி இருக்கு: ஒரு முழு ரிவ்யூ

இந்த கால்குலேட்டர பத்தி ரிவ்யூ நிறைய கிடைக்குது, ஆனா எல்லாம் மேட்ரிக்ஸ் போடுமா, இன்டெக்ரேஷன் போடுமான்னு மேத்ஸ் பக்கத்துலயே நிக்குது. காலேஜ் முதல் வருஷ கெமிஸ்ட்ரில வர்ற கணக்குக்கு, அதாவது மோல் கணக்கு, லிமிட்டிங் ரீஏஜென்ட், கேஸ் லா, ஈக்விலிப்ரியம், பிஎச், பஃபர், நெர்ன்ஸ்ட், அர்ஹீனியஸ், இதுக்கெல்லாம் இது எவ்ளோ தூரம் உதவும்னு தனியா யாரும் சொல்லி நான் பாக்கல. நான் இந்த கணக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கறவன், தினமும் கைல இருக்கற மெஷின் இது, அதனால எழுதறேன்.

முடிவ முதல்லயே சொல்லிடறேன். தாராளமா வாங்கலாம். கெமிஸ்ட்ரிக்கு வேணும்கற கணக்கு வேலை 90 சதவீதத்துக்கு மேல இது செஞ்சுடும். ஆனா கணக்க எப்படி அமைக்கணும், எந்த யூனிட், வந்த விடைல எது நிஜமா நடக்கக்கூடியதுங்கறதெல்லாம் உங்க பொறுப்பு, அத இதுகிட்ட எதிர்பாக்காதீங்க. இந்த எல்லை எங்க இருக்குன்னு புரிஞ்சவங்களுக்கு இது ரொம்ப நல்ல துணை.

வாங்கின உடனே ரெண்டு செட்டிங் மாத்துங்க. டீஃபால்ட்டா இது விடைய பின்னமா காட்டும். 4.6 கிராம் தண்ணில எத்தன மோல்னு 4.6 வகுத்தல் 18.016 போட்டா 575/2252ன்னு வந்து நிக்கும், கெமிஸ்ட்ரில அத வெச்சு யாருக்கு என்ன பிரயோஜனம், 0.2553ன்னு தெரிஞ்சாத்தான அடுத்த ஸ்டெப். எஸ் டி பட்டன அமுக்கினா டெசிமலா மாறும்தான், ஆனா ஒவ்வொரு தடவையும் யாரு அமுக்கறது. ஷிஃப்ட், மெனு அமுக்கி செட்டப்புக்குள்ள போய் இன்புட் அவுட்புட்ல மேத் இன்புட், டெசிமல் அவுட்புட்ங்கறத செலக்ட் பண்ணிடுங்க. அடுத்தது நம்பர் ஃபார்மேட்ல சயின்டிஃபிக் 4 வைங்க. எல்லா விடையும் 1.333×10⁻³ மாதிரி நாலு சிக்னிஃபிகன்ட் இலக்கத்தோட வரும். இது காட்டறது மட்டும்தான் ரவுண்டா காட்டும், உள்ள முழு மதிப்பயும் வெச்சுக்கும், அதனால பயப்பட வேண்டாம். ஆனா ஒண்ணு, சிக்னிஃபிகன்ட் ஃபிகர் எத்தனன்னு முடிவு பண்றது இந்த செட்டிங் இல்ல, கேள்வில குடுத்த டேட்டாதான். கேஏ (ஆசிட் எவ்ளோ பிரியும்னு சொல்ற மாறிலி) மதிப்பு ரெண்டு இலக்கத்துல குடுத்திருந்தா பிஎச்சுக்கு புள்ளிக்கு அப்பறம் ரெண்டு இலக்கம், அவ்ளோதான், மெஷின் நாலு இலக்கம் காட்டுதேன்னு நாலையும் எழுதக்கூடாது.

கீபோர்டு பத்தி. பத்தின் அடுக்கு போட தனி பட்டன் இருக்கு, கடைசி வரிசைல, அத மட்டும்தான் பயன்படுத்தணும். ஏன்னு ஒரு உதாரணம் பாருங்க. ஒரு கார்பன்-12 அணுவோட எடை எவ்ளோன்னு கேட்டா 12ஐ அவகாட்ரோ எண்ணால வகுக்கணும். 12 வகுத்தல் 6.022, பெருக்கல் 10, பவர் 23ன்னு தனித்தனியா டைப் பண்ணினா மெஷின் இடமிருந்து வலமா போகும், முதல்ல வகுத்துட்டு அப்பறம் 10²³ஆல பெருக்கும், விடை 1.993×10²³ கிராம். அந்த தனி பட்டன பயன்படுத்தினா 6.022×10²³ங்கறத ஒரே எண்ணா எடுத்துக்கும், விடை 1.993×10⁻²³ கிராம். ரெண்டுக்கும் நடுவுல 46 பவர் வித்தியாசம்! 1.993ங்கறது ரெண்டுலயும் ஒண்ணுதான், அதனால அவசரத்துல பாக்கறவங்களுக்கு சரியா வந்த மாதிரியே தெரியும். அதே மாதிரி கேஸ் லா கணக்குல 1.5 அட்மாஸ்ஃபியர், 2.0 லிட்டர், 298 கெல்வின்னா மோல் எவ்ளோன்னு பாக்கறப்ப வகுத்தல் குறி போடாம பின்ன பட்டன அமுக்கி மேல 1.5×2.0, கீழ 0.08206×298ன்னு போடுங்க, 0.123 மோல் வரும். வகுத்தல் குறி போட்டு பிராக்கெட்ட விட்டுட்டா பத்தாயிரத்துக்கு மேல மோல் வரும், ரெண்டு லிட்டர் பாத்திரத்துல பத்தாயிரம் மோல் வாயு அடங்குமான்னு ஒரு செகண்ட் யோசிச்சாலே தப்புன்னு தெரிஞ்சுடும், ஆனா யோசிக்கணும்ல. புக்குல எழுதற மாதிரியே ஸ்கிரீன்ல பின்னம் தெரியறது இந்த மெஷினோட பெரிய பலம், அத பயன்படுத்தாம பழைய கால்குலேட்டர் மாதிரி ஒரே வரில தட்டறது வீண்.

லாக் பட்டன் விஷயத்துல மட்டும் கெமிஸ்ட்ரிக்காரங்களுக்கு கொஞ்சம் பழகணும். முன்பக்கமா இருக்கறது பேஸ் போடற லாக், கட்டத்துல 10ன்னு பேஸ் நாமளே போடணும். சாதாரண லாக் நெகட்டிவ் குறி பட்டனுக்கு மேல ஷிஃப்ட்ல இருக்கு. பிஎச் கண்டுபிடிக்க நெகட்டிவ் குறி, ஷிஃப்ட், திரும்பவும் அதே நெகட்டிவ் குறி பட்டன்னு அமுக்கணும். கேக்க குழப்பமா இருக்கும், ஆனா விரலு பழகிட்டா ஒரே இடத்துலயே முடிஞ்சுடும். திருப்பி பிஎச்லேர்ந்து கான்சன்ட்ரேஷன் வேணும்னா பேஸ் போடற லாக் பட்டனோட ஷிஃப்ட்ல பத்தின் பவர் இருக்கு. பக்கத்துலயே எல்என் பட்டன் தனியா இருக்கறதால லாக் போட வேண்டிய இடத்துல எல்என் தட்டற ஆபத்து இருக்கு, பிஎச் திடீர்னு 2.3 மடங்கு பெரிசா வந்தா முதல்ல அத செக் பண்ணுங்க.

இப்ப இந்த மெஷின் நிஜமாவே காசுக்கு வேலை செய்யற இடத்துக்கு வரேன், ஈக்வேஷன் மோட். மெனு, ஏ, பாலினாமியல், டிகிரி 2. ஈக்விலிப்ரியம் கணக்குல ஐஸ் டேபிள் (ஆரம்பம், மாற்றம், ஈக்விலிப்ரியம்னு மூணு வரில அளவுகள எழுதற டேபிள்) போட்டு கடைசில ஒரு குவாட்ராட்டிக் வந்து நிக்கும், பசங்க பாதி பேரு அந்த இடத்துல கைய விட்டுடுவாங்க, எக்ஸ் ரொம்ப சின்னது அத விட்டுடலாம்னு எழுதிட்டு வர்க்கமூலம் எடுத்துடுவாங்க. சில சமயம் அது சரி. 0.10 மோலார் அசிட்டிக் ஆசிட், கேஏ 1.8×10⁻⁵. தோராயமா போட்டா பிஎச் 2.87, குவாட்ராட்டிக் முழுசா தீத்தா 2.88, பெரிய வித்தியாசம் இல்ல. அதே ஆசிட்ட 0.0010 மோலாரா ஆக்குங்க. தோராயத்துல ஹைட்ரஜன் அயனி 1.34×10⁻⁴, பிஎச் 3.87. முழுசா தீத்தா 1.25×10⁻⁴, பிஎச் 3.90. இங்க ஆசிட் 12.5 சதவீதம் பிரிஞ்சிருக்கு, 5 சதவீதத்துக்கு மேல போனா தோராயம் செல்லாதுன்னு எல்லா புக்குலயும் இருக்கற விதி இங்க உடையுது, கான்சன்ட்ரேஷன்ல 7 சதவீதம் தப்பு வருது. இந்த கால்குலேட்டர் கைல இருந்தா தோராயம் செல்லுமா செல்லாதான்னு தவிக்கவே வேண்டாம், மூணு எண்ண போட்டு ஈக்வல் அமுக்கினா முடிஞ்சுது. கட்டத்துக்குள்ள 1.8×10⁻⁵ பெருக்கல் 0.0010ன்னு எக்ஸ்பிரஷனாவே போடலாம், தனியா பெருக்கி வெச்சுக்க தேவையில்ல.

ஆனா இது ரெண்டு விடை குடுக்கும், எது வேணும்னு சொல்லாது. ஆசிட் கணக்குல ஒண்ணு நெகட்டிவா வரும், கான்சன்ட்ரேஷன் நெகட்டிவா இருக்க முடியாது, தூக்கி போட்டுடலாம், இது எல்லாருக்கும் தெரியும். கஷ்டமான கேஸ் ரெண்டுமே பாசிட்டிவா வர்றப்பதான். ஒரு லிட்டர்ல 1.0 மோல் ஹைட்ரஜன், 2.0 மோல் அயோடின், சேந்து ஹைட்ரஜன் அயோடைடு ஆகுது, கே மதிப்பு 50ன்னு வெச்சுக்கோங்க. ஐஸ் டேபிள் போட்டா 46 எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் 150 எக்ஸ், பிளஸ் 100, ஈக்வல் பூஜ்யம். மெஷின் 2.33, 0.934ன்னு ரெண்டு குடுக்கும். ரெண்டும் பாசிட்டிவ். ஆனா இருக்கறதே 1.0 மோல் ஹைட்ரஜன்தான், அதுல 2.33 எப்படி செலவாகும்? 0.934தான் சரி. மைனஸ் வந்தா தள்ளுங்கற ஒரே விதிய மனப்பாடம் பண்ணினவங்க இங்க மாட்டிப்பாங்க. எந்த பொருளும் பூஜ்யத்துக்கு கீழ போகக்கூடாதுன்னு ஒவ்வொரு விடையயும் டேபிள்ல திரும்ப வெச்சு பாக்கறதுதான் வழி, அந்த பழக்கத்த எந்த மெஷினும் குடுக்காது.

இன்னொரு கணக்கு, நான் எல்லார்கிட்டயும் போட சொல்றது. 1.0×10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டோட பிஎச் என்ன? நேரா லாக் போட்டா 8.00ன்னு அழகா காட்டும். ஆசிட்ட தண்ணில கலந்தா கரைசல் பேசிக் ஆகுமா, ஆகவே ஆகாது. தண்ணியே 10⁻⁷ அளவுக்கு அயனி தருதுங்கறத சேத்துக்கணும். எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் 10⁻⁸ எக்ஸ், மைனஸ் 10⁻¹⁴, ஈக்வல் பூஜ்யம்னு போட்டா எக்ஸ் 1.05×10⁻⁷, பிஎச் 6.98. மெஷின் ரெண்டு தடவையும் கேட்டத சரியாத்தான் போட்டு குடுத்துச்சு, நாம கேட்ட கேள்விதான் வேற.

பாலினாமியல் டிகிரி 4 வரைக்கும் போகும். அது பத்தாத இடத்துக்கு, இல்ல விரிச்சு எழுத சோம்பலா இருக்கறப்ப, சால்வ் இருக்கு, ஷிஃப்ட் அமுக்கி கால்க். சமன் குறி ஆல்ஃபாவோட கால்க் பட்டன்ல இருக்கு. லெட் குளோரைடு கேஎஸ்பி (எவ்ளோ கரையும்னு சொல்ற மாறிலி) 1.7×10⁻⁵, அத 0.10 மோலார் குளோரைடு இருக்கற கரைசல்ல கரைச்சா எவ்ளோ கரையும்? எக்ஸ் பெருக்கல் 2எக்ஸ் பிளஸ் 0.10 ஹோல் ஸ்கொயர் ஈக்வல் 1.7×10⁻⁵ன்னு அப்படியே டைப் பண்ணி சால்வ் அமுக்கினா ஆரம்ப மதிப்பு ஒண்ணு கேக்கும். தோராயமா போட்டா வர்ற 1.7×10⁻³ஐயே குடுங்க. 1.60×10⁻³ன்னு வரும். கூடவே எல் மைனஸ் ஆர்னு ஒண்ணு காட்டும், ரெண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம், பூஜ்யமாவோ அதுக்கு ரொம்ப பக்கமாவோ இருந்தாத்தான் விடைய நம்பணும். உள்ள நியூட்டன் முறைல தேடுது, அதனால ஆரம்ப மதிப்ப கண்டபடி குடுத்தா வேற ரூட்ல போய் நிக்கலாம். கெமிஸ்ட்ரி தெரிஞ்சவங்களுக்கு நல்ல ஆரம்ப மதிப்பு குடுக்கறது சுலபம், எக்ஸ் எந்த எல்லைக்குள்ள இருக்கணும்னு டேபிள பாத்தாலே தெரியுமே.

நிறைய பேருக்கு தெரியாத ஒரு உபயோகம், ஈக்வேஷன் பேலன்ஸ் பண்றது. ஒரே நேரத்துல நாலு அன்னோன் வரைக்கும் தீக்கும். காப்பர், டைல்யூட் நைட்ரிக் ஆசிட்டோட சேந்து காப்பர் நைட்ரேட், நைட்ரிக் ஆக்சைடு, தண்ணி தருது, பசங்கள ரொம்ப படுத்தற ஈக்வேஷன் இது. காப்பர 1ன்னு வெச்சா காப்பர் நைட்ரேட்டும் 1. ஆசிட் பி, நைட்ரிக் ஆக்சைடு டி, தண்ணி ஈன்னு வைங்க. நைட்ரஜன எண்ணினா பி மைனஸ் டி ஈக்வல் 2. ஹைட்ரஜன்ல பி மைனஸ் 2ஈ ஈக்வல் 0. ஆக்சிஜன்ல 3பி மைனஸ் டி மைனஸ் ஈ ஈக்வல் 6. சைமல்டேனியஸ்ல மூணு அன்னோன்னு போட்டா பி 8/3, டி 2/3, ஈ 4/3. மூணால பெருக்கினா 3, 8, 3, 2, 4. இந்த ஒரு வேலைக்கு மட்டும் டெசிமல் செட்டிங்க விட்டு பின்னத்துக்கு மாத்திக்கறது நல்லது, 2.667ஐ பாத்தா 8/3ன்னு உடனே தோணாது. ஆக்சிடேஷன் நம்பர் முறை தெரிய வேணாம்னு நான் சொல்லல, எலக்ட்ரான் எங்கேர்ந்து எங்க போகுதுன்னு அதுலதான் புரியும், ஆனா போட்ட விடைய சரிபாக்க இத விட வேகமான வழி இல்ல.

மொத்தம் 47 கான்ஸ்டன்ட் உள்ளயே இருக்கு, ஷிஃப்ட் 7. அதுல ஃபிசிகோ-கெமிக்கல்ங்கற பிரிவுல ஆர் (வாயு மாறிலி), ஃபாரடே, அவகாட்ரோ, போல்ட்ஸ்மான் எல்லாம் வரும், பிளாங்க் கான்ஸ்டன்ட்டும் ஒளியோட வேகமும் யுனிவர்சல்ல இருக்கும். 2010 கோடேட்டா (மாறிலிகளோட மதிப்ப வெளியிடற சர்வதேச கமிட்டி) மதிப்புகள், அதுல அவகாட்ரோ எண் 6.02214129×10²³. 2019ல மோலோட வரையறை மாறி 6.02214076×10²³ன்னு நிலையா வெச்சுட்டாங்க, ஆனா நாம போடற நாலு இலக்க கணக்குல இது தெரியவே தெரியாது, விடுங்க. கவனிக்க வேண்டியது வேற ரெண்டு. அதுல இருக்கற ஆர் 8.314, ஜூல் கணக்கு. பிரஷர் அட்மாஸ்ஃபியர்ல, வால்யூம் லிட்டர்ல இருக்கறப்ப இத எடுத்து போட்டா விடை 101 மடங்கு தள்ளி நிக்கும், ஏன்னா ஒரு லிட்டர் அட்மாஸ்ஃபியர்ங்கறது 101.325 ஜூல். அங்க 0.08206 வேணும், அது இதுல கிடையாது, நீங்களே எஸ்டிஓ (ஸ்டோர்) பட்டன அமுக்கி ஏதாவது ஒரு எழுத்துல போட்டு வெச்சுக்கோங்க, ஆஃப் பண்ணினாலும் அழியாது. ரெண்டாவது, மோலார் வால்யூம்னு 22.41 லிட்டர் இருக்கும், அது 273.15 கெல்வின், ஒரு அட்மாஸ்ஃபியர்ல உள்ள மதிப்பு. ஐயுபிஏசி (கெமிஸ்ட்ரிக்கான சர்வதேச அமைப்பு) 1982லயே ஸ்டாண்டர்டு பிரஷர ஒரு பார், அதாவது 100 கிலோபாஸ்கல்னு மாத்திடுச்சு, அந்த கணக்குல 22.71 லிட்டர் வரும். உங்க புக்கு எத சொல்லுதோ அத பாத்துட்டு போடுங்க.

யூனிட் கன்வெர்ஷன் ஷிஃப்ட் 8ல இருக்கு, அட்மாஸ்ஃபியர்லேர்ந்து பாஸ்கல், மெர்குரி மில்லிமீட்டர்லேர்ந்து பாஸ்கல், ஜூல் கலோரி எல்லாம் மாத்தும். ஆனா கெமிஸ்ட்ரில தினமும் பண்ற செல்சியஸ் டு கெல்வின் இதுல இல்ல, ஃபாரன்ஹீட் செல்சியஸ் மட்டும்தான். 273.15 நீங்களே கூட்டிக்கணும். சின்ன விஷயம்தான், ஆனா தேடிட்டு நேரத்த விடாதீங்க.

கால்க் பட்டன பத்தி சொல்லாம விட முடியாது. நெர்ன்ஸ்ட் ஈக்வேஷன (கான்சன்ட்ரேஷன வெச்சு செல்லோட வோல்டேஜ கண்டுபிடிக்கறது) எழுத்துல ஒரு தடவ டைப் பண்ணிட்டு கால்க் அமுக்கினா ஒவ்வொரு எழுத்துக்கும் மதிப்பு கேக்கும், அடுத்த கணக்குக்கு திரும்ப டைப் பண்ண வேண்டாம். ஜிங்க் காப்பர் செல், ஸ்டாண்டர்டு 1.10 வோல்ட், ஜிங்க் அயனி 1.0 மோலார், காப்பர் அயனி 0.010 மோலார்னா 1.04 வோல்ட். காப்பர மாத்தி மாத்தி போட்டு பாருங்க, பத்து மடங்கு குறைஞ்சா 0.0296 வோல்ட் குறையுதுன்னு கண்ணு முன்னாடி தெரியும், அப்ப ஃபார்முலால வர்ற 0.0592ஐ ரெண்டால வகுக்கறது ஏன்னு மனசுல நிக்கும். ஒரு எச்சரிக்கை, மோட் மாத்தினா முன்னாடி போட்ட கணக்கோட ஹிஸ்டரி போயிடும், எழுத்துல ஸ்டோர் பண்ணின எண்ணு மட்டும் இருக்கும். அதனால நடுவுல ஈக்வேஷன் மோடுக்கு போறதுக்கு முன்னாடி தேவையான எண்ண எஸ்டிஓல போட்டுட்டு போங்க.

ஸ்டோர் பண்றது எவ்ளோ முக்கியம்னு அர்ஹீனியஸ் கணக்குல (வெப்பநிலை மாறினா ரேட் எப்படி மாறுதுங்கறது) தெரியும். 298லேர்ந்து 308 கெல்வினுக்கு போறப்ப ரேட் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா ஆக்டிவேஷன் எனர்ஜி என்ன? முழு மதிப்போட போட்டா மோலுக்கு 52.9 கிலோஜூல். ஆனா 1/298ஐ 0.0034ன்னும் 1/308ஐ 0.0032ன்னும் நடுவுலயே ரவுண்ட் பண்ணி எழுதிட்டு கழிச்சா 28.8 வரும், கிட்டத்தட்ட பாதி! ரெண்டு பக்கத்து பக்கத்து எண்ண கழிக்கற எந்த கணக்குலயும் இந்த ஆபத்து இருக்கு. மெஷினுக்குள்ளயே கடைசி வரைக்கும் கொண்டு போங்க, ரவுண்டிங் கடைசி வரில மட்டும். நாலஞ்சு வெப்பநிலைல டேட்டா குடுத்திருந்தா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மோட்ல நேர்கோடு ரெக்ரஷன் எடுத்து, கட்டத்துல 1÷298ன்னும் எல்என் மதிப்பயும் அப்படியே டைப் பண்ணலாம், ஸ்லோப்ப மைனஸ் ஆரால பெருக்கினா எனர்ஜி வந்துடும். லேப் ரிப்போர்ட் எழுத இது போதும்.

டேபிள் மோட் எனக்கு ரொம்ப பிடிச்சது. 25 மில்லி 0.10 மோலார் அசிட்டிக் ஆசிட்ட அதே கான்சன்ட்ரேஷன் சோடியம் ஹைட்ராக்சைடால டைட்ரேட் பண்றோம். 4.74 (கேஏவோட மைனஸ் லாக்) பிளஸ் லாக் ஆஃப் எக்ஸ் பை 25 மைனஸ் எக்ஸ்னு போட்டு, எக்ஸ் 5லேர்ந்து 25 வரைக்கும் அஞ்சு அஞ்சா கேட்டா 5 மில்லில 4.14, 20ல 5.34ன்னு வரிசையா வரும். 25ல மட்டும் எரர்னு நிக்கும். பூஜ்யத்தால வகுக்குதேன்னு அதோட விட்டுடாதீங்க, அங்க ஆசிட்டே மிச்சம் இல்ல, பஃபரே இல்ல, அதனாலதான் ஃபார்முலா உடையுது. அந்த புள்ளில வெறும் அசிட்டேட் 0.050 மோலார் இருக்கு, அத ஒரு வீக் பேஸா எடுத்து தனியா போடணும், பிஎச் 8.72. இந்த எரர காட்டி நான் ஈக்விவலன்ஸ் பாயிண்ட் (ஆசிட் முழுசா தீர்ற புள்ளி) நடத்தினா உடனே பிடிச்சுக்கறாங்க.

இதுல பீரியாடிக் டேபிள் இல்ல, அணு எடை எல்லாம் நீங்களே போடணும். சால்வர் இருக்கற கால்குலேட்டர சில தேர்வுல அனுமதிக்கறது இல்ல, புரோகிராம் பண்ண முடியாத வகைதான்னாலும் உங்க காலேஜ் விதிய வாங்கறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. டெசிமல் மட்டும் போட்டா போதும்னு இருக்கறவங்களுக்கு, அல்லது தேர்வுல சால்வர் கூடாதுன்னா, இதோட பாதி வசதி உள்ள சாதாரண சயின்டிஃபிக் மாடலே போதும், லாக், எல்என், பத்தின் பவர், நாலஞ்சு மெமரி இருந்தா முதல் செமஸ்டர ஓட்டிடலாம். இதுக்கு அப்பறம் வந்த 991சிடபிள்யூல பட்டன் அமைப்பே மாறிடுச்சு, நான் மேல சொன்ன ஷிஃப்ட் வழியெல்லாம் அதுல பொருந்தாது, அத வாங்கறவங்க மேனுவல பாத்து திரும்ப பழகணும். சோலாரும் பேட்டரியும் சேந்து ஓடறதால பேட்டரி ரொம்ப நாள் வரும், இருந்தாலும் தேர்வுக்கு முன்னாடி எல்ஆர்44 பேட்டரி ஒண்ணு கூடுதலா வாங்கி வெச்சுக்கோங்க.